ஐதராபாத்துக் குன்றுகளில் ஒரு பாலை நடை

நிலத்தைக் கண்டு வாழ்வை வகுத்தவர் தமிழர். மலையைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் பகுத்த நம் முன்னோர், பாலைக்கு மட்டும் தனியே ஓர் இடம் ஒதுக்கினாரல்லர். மழை பொய்த்து, வெயில் நின்று காய்ந்து, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நண்பகலும் வேனிலும் அதற்குரிய பொழுதுகள். பிரிவு அதற்குரிய ஒழுக்கம். எனவே பாலையைக் காண மணல் விரிந்த மேற்குத் திசைப் பெருவெளிக்குச் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் ஐதராபாத் நகரத்தைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளில் ஒரு மார்ச்சு மாத நண்பகலில் ஏறி நின்றாலே போதும்.

சனத்நகரில் வாழும் நாங்கள் சிலர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர்களாகப் பணியாற்றுபவர்கள், பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இக்குன்றுகளில் நடந்து வருகிறோம். மலையேறும் பயிற்சி பெற்றவர்கள் அல்லோம். எலுமிச்சஞ்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பி, இரானிச் சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டுமாக நடையை நிறைவு செய்பவர்கள். அந்நடைகளில் கண்டவற்றையும் அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வேங்கடம் கடந்தோர்

அகநானூற்றுப் பாலைப் பாடல்களைப் புரட்டுவோர்க்கு மாமூலனார் என்னும் புலவர் நன்கு அறிமுகமானவர். பொருள் தேடிப் பிரிந்த தலைவன், புல்லி என்னும் தலைவன் ஆண்ட வேங்கட மலையையும் கடந்து, மொழி மாறும் வேற்று நாட்டிற்குச் சென்றுவிட்டான் என்று அவர் பாடல்களில் தலைவி வருந்துவாள். அத்தலைவன் சென்ற திசைதான் நாமும் வந்த திசை. வயிற்றுப்பாட்டுக்காகத் தஞ்சையையும் நெல்லையையும் மதுரையையும் விட்டு, வேங்கடம் தாண்டி, தெலுங்கும் உருதும் பேசும் நாட்டில் குடியேறியவர்கள் அன்றோ நாம்? ‘பொருள்வயிற் பிரிவு’ என்று இலக்கணம் கூறுவது, நம் பணிப் பதிவேட்டில் ‘நியமனம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நாங்கள் வாழும் சனத்நகரின் பெயரும் இதற்குச் சான்று கூறும். ‘சன்அத்’ என்னும் உருதுச் சொல்லுக்குத் தொழில் என்பது பொருள். நிஜாம் ஆட்சிக் காலத்தில் தொழிற்சாலைகளுக்கென உருவான பகுதி இது. 1942இல் தொடங்கப்பெற்ற ஆல்வின் தொழிற்சாலை இப்பகுதியின் பெயரை நாடெங்கும் பரப்பியது. அத்தகைய ஆலைகளின் சங்கொலியைக் கேட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல.

சனத்நகருக்கு அடுத்த ஊர் போரபண்டா. தெலுங்கில் ‘பண்ட’ என்றால் பாறை. ‘குட்ட’ என்றால் சிறு குன்று. ‘கொண்ட’ என்றால் மலை. ‘துர்க்கம்’ என்றால் மலைக்கோட்டை. உருதில் ‘பஹாட்’ என்பதும் மலையே. ராயதுர்க்கம், ஃபக்ருத்தீன் குட்ட, நௌபத் பஹாட், பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என மூன்று மொழிகளிலும் இந்நகரம் தன்னைப் பாறை என்றே சொல்லிக்கொள்கிறது. பெயரில் மட்டும் பாறை எஞ்சி, நிலத்தில் பாறை மறைந்துபோன இடங்கள் இவற்றுள் எத்தனை என்பதை நடந்து பார்த்தோரே அறிவர்.

பாறையின் வயது

இப்பாறைகளை முதன்முறை காண்போர் வியப்பது ஒன்றுண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக, விழுமோ விழாதோ என்னும்படி பெருங்கற்கள் அடுக்கி நிற்கும். பீமன் விளையாடிய கழற்சிக்காய்கள் என்று கூறத் தோன்றும். ஆயினும் இவற்றை யாரும் அடுக்கவில்லை. எங்கிருந்தும் இவை உருண்டு வரவும் இல்லை.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாயிற்று. மேலிருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, அழுத்தம் குறைந்த பாறை நெட்டாகவும் குறுக்காகவும் வெடித்தது. வெடிப்புகளில் நீர் புகுந்து விளிம்புகளையும் மூலைகளையும் தின்றது. மூலை மழுங்கிய கட்டிகள் உருண்டைகளாயின. இடையிலிருந்த மக்கிய மண் மழையில் கரைந்து செல்ல, உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. வெங்காயத்தின் தோல்போலப் பாறை அடுக்கடுக்காக உரிந்து வருவதை இன்றும் கைதொட்டுக் காணலாம்.

250 கோடி என்னும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அதன் பெருமை விளங்காது. தக்காணத்தின் மேற்குப் பகுதியை மூடிய எரிமலைப் பாறைகளின் வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு. இமயம் எழத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். போரபண்டாவின் பாறை முன்னே இமயம் நேற்றுப் பிறந்த குழந்தை.

குன்றில் கோட்டை கட்டியோர்

எங்கள் நடைகளில் அடிக்கடி இடம்பெறுவது கோல்கொண்டா. ‘கொல்ல’ என்னும் தெலுங்குச் சொல் இடையரைக் குறிக்கும். கொல்லகொண்ட என்பதே கோல்கொண்டா ஆயிற்று என்பர். இடையர் ஆடு மேய்த்த குன்று, அதாவது முல்லை நிலத்தார் திரிந்த குறிஞ்சி. காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்து, பதினான்காம் நூற்றாண்டில் பாமினி அரசர் கைக்கு மாறி, 1518 முதல் குதுப் ஷாகி மரபினரின் தலைநகராயிற்று. 1591இல் முகம்மது குலி குதுப் ஷா ஐதராபாத் நகரை அமைக்கும் வரையில் அதுவே நாட்டின் நெஞ்சாக விளங்கிற்று.

சுமார் 120 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் படிகளில் ஏறும்போது, கட்டியவர்களின் நுண்ணறிவு புலப்படும். பாறையை அகற்றிச் சுவர் எழுப்பினாரல்லர், பாறையையே சுவராக்கினர். இரு பெரும்பாறைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்தனர். எங்கே இயற்கை முடிகிறது, எங்கே கட்டடம் தொடங்குகிறது என்று கூற இயலாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கீழ்வாயிலில் தட்டும் கையொலி உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் கேட்பதைச் சிறுவர் முதல் முதியோர் வரை தட்டிப் பார்த்து மகிழ்வர்.

கோல்கொண்டா வைரம் என்று உலகம் புகழ்ந்தாலும், வைரம் இக்குன்றில் விளைந்ததன்று. கிருஷ்ணைக் கரையிலுள்ள கொல்லூர் முதலிய சுரங்கங்களில் எடுத்தவை இங்கே சந்தைக்கு வந்தன. குன்று கொடுத்தது வைரத்தை அன்று, வைரத்திற்குக் காவலை.

அரசுக் கணக்கெழுதும் எங்களுக்கு இக்கோட்டையில் மிகவும் உறைக்கும் இடம் ஒன்றுண்டு. அதுதான் பத்ராசல ராமதாசர் அடைபட்டிருந்த சிறை. வரி தண்டும் அலுவலராக இருந்த கஞ்செர்ல கோபன்னா, அரசுப் பணத்தை இராமனுக்குக் கோயில் கட்டச் செலவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் இன்றும் ஒலிக்கும் ராமதாசர் கீர்த்தனங்களுக்கும் இப்பாறைச் சிறைக்கும் உள்ள உறவை நினைத்து நிற்கையில், ‘கணக்கில் பிழைத்தவர் காலத்தில் பிழைத்தார்’ என்று எங்களுள் ஒருவர் கூறினார். சிரித்தோம், பின்னர் நெடுநேரம் பேசவில்லை.

தமிழகத்தோடு கோல்கொண்டாவுக்கு வேறு உறவுகளும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாப் படை சோழமண்டலக் கரை வரை பரவியது. 1639இல் ஆங்கிலேயர் பெற்ற சென்னைப் பட்டினமும் சில ஆண்டுகளில் அதன் மேலாட்சிக்கு உட்பட்டது. 1677இல் சத்ரபதி சிவாஜி ஐதராபாத்துக்கு வந்து அபுல் ஹசன் தானா ஷாவோடு உடன்பாடு செய்துகொண்ட பின்னரே தெற்கே சென்று செஞ்சியைக் கைப்பற்றினார். செஞ்சியும் இதே போன்ற உருண்டைப் பாறைக் குன்றுதான் என்பது நினைவுகூரத் தக்கது. பத்தாண்டுக்குப் பின், 1687இல், எட்டு மாத முற்றுகையைத் தாங்கிய கோல்கொண்டா அவுரங்கசீப்பின் வசமாயிற்று. பாறை தோற்கவில்லை. உள்ளிருந்தோர் வாயிலைத் திறந்துவிட்டதால் கோட்டை வீழ்ந்தது.

நகருக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் போங்கீர்க் குன்று நிற்கிறது. ஒரே கல்லாய் யானை படுத்தாற்போல் தோன்றும். சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தனின் திரிபுவனமல்லன் என்னும் விருதே அவ்வூருக்குத் திரிபுவனகிரி என்னும் பெயரைத் தந்தது என்பர். நம் முதற் குலோத்துங்க சோழனோடு காலமெல்லாம் பொருத அதே விக்கிரமாதித்தன்தான். அப்பாறையில் ஏறிப் பழகிய மாலாவத் பூர்ணா என்னும் பழங்குடிச் சிறுமி, 2014ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், பதினான்கு வயது நிரம்பும் முன்னரே எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்தாள். முதுபாறை இளமலைக்கு அனுப்பிய தூது என்று அதனைக் கூறலாம்.

மௌலா அலியின் படிகள்

2024 மார்ச்சில் சனத்நகர் – மௌலா அலி வழியாகப் புறநகர் ரயில் தொடங்கிவைக்கப்பட்டதால், எங்களுக்கு இன்னொரு குன்றும் அண்மையாயிற்று. மௌலா அலிக் குன்றின் உச்சியில் உள்ள தர்காவுக்குக் கதை ஒன்று வழங்குகிறது. இப்ராகிம் குதுப் ஷாவின் அவையில் இருந்த யாகூத் என்பவர் கனவில் ஹஜ்ரத் அலி தோன்றினார் என்றும், விழித்துக் குன்றேறிப் பார்த்தபோது பாறையில் அவர் கைத்தடம் பதிந்திருந்தது என்றும் கூறுவர். மௌலா அலிப் பகுதியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் கண்டறியப்பட்டுள்ளன. குன்றைப் புனிதமாகக் கருதும் வழக்கம் எந்தச் சமயத்திற்கும் முந்தியது போலும்.

அக்குன்றின் அடிவாரத்தில் மஹ் லகா பாய் உறங்குகிறாள். 1768இல் பிறந்து 1824இல் மறைந்த அவள், நிஜாம் அவையின் ஆடல் நங்கை, போர்க்களம் சென்றவள், உருதுக் கவிஞர். அவள் கவிதைத் தொகுதி, உருதுவில் பெண்கள் படைத்த முழுத் தொகுதிகளுள் மிக முற்பட்டவற்றில் ஒன்று. தன் தாய்க்காகக் குன்றின் நிழலில் எழுப்பிய கல்லறைத் தோட்டத்திலேயே அவளும் அடங்கினாள். ஔவையும் வெள்ளிவீதியும் பிறந்த மொழிக்குரிய நாங்கள், அவ்விடத்தில் சற்றே நின்று வணங்காமல் மேலேறியதில்லை.

நண்பகலில் ஒரு குடம் நீர்

இனி, எங்களுக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச்சு மாத ஞாயிறன்று, காஜாகூடாவை அடுத்த ஃபக்ருத்தீன் குட்டப் பாறைகளுக்குச் சென்றிருந்தோம். ஒரு தர்காவும், அனந்த பத்மநாபசுவாமி கோயிலும், மெகர் பாபா தியானம் செய்ததாகக் கூறப்படும் குகையும் அங்கே அருகருகே உள்ளன. எங்களுடன் கும்பகோணத்தைச் சேர்ந்த, எழுபது வயது கடந்த, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். புறப்படவே தாமதமாயிற்று, பேச்சுச் சுவையில் நேரம் போனதும் தெரியவில்லை.

குன்றின் பின்புறமாக இறங்கித் திரும்புவது எங்கள் வழக்கம். தலைப்பாகை கட்டியவர் போன்ற பாறை ஒன்று தொலைவில் தெரியும். அதனை இடப்பக்கம் வைத்து நடந்தால் ஊர்ப்பாதை வந்துவிடும். அன்று எவ்வளவு தேடியும் அத்தலைப்பாகைப் பாறையைக் காணவில்லை. வழி தவறிவிட்டோம் என எண்ணி முன்னும் பின்னும் அலைந்தோம். உச்சி வெயில். பாறை மேலிருந்தும் சூடு, கீழிருந்தும் சூடு. கொண்டுவந்த நீரும் தீர்ந்தது. பெரியவர் ஒரு கல்லின்மேல் அமர்ந்தவர் எழ இயலாது கண் மூடினார். பாலைத் திணையைப் படித்திருந்தோம். அன்றுதான் அதில் நின்றோம்.

உளியோசை ஒன்று காதில் விழுந்தது. ஓசை வந்த திசையில் ஓடினோம். கீழே சரிவில் நீலத் தார்ப்பாய்க் குடிசைகள், கல்லுடைப்போர் சிலர். மஹபூப்நகர் மாவட்டத்தவர்; பாலமூர்க்காரர் என்று மக்கள் அழைப்பர். ஒரு பெண் குடத்தோடு எங்களுடன் மேலேறி வந்தாள். பெரியவரின் தலையையும் கழுத்தையும் நனைத்து, கையைக் குவிக்கச் சொல்லி நீர் வார்த்தாள். ‘மெல்லக் குடியுங்கள், பெத்தய்யா’ என்றாள் தெலுங்கில். பெரியவர் தெளிந்து, ‘நீ நன்றாயிருக்க வேண்டும், அம்மா’ என்றார்.

தலைப்பாகைப் பாறை எங்கே என்று கேட்டோம். அவள் குடிசைகளின் அருகே கிடந்த உடைகற் குவியலைச் சுட்டினாள். இரண்டு மாதம் உடைத்தார்களாம். நாங்கள் வழி தவறவில்லை, வழிகாட்டிதான் இல்லை. ‘எங்கள் ஊரில் மழை இல்லை, அதனால் வந்தோம். இங்கே கல் தீர்ந்தால் வேறிடம் போவோம்’ என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னாள்.

திரும்பும் வழியில் பெரியவர் மெல்லக் கூறினார்: ‘அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் மழை இல்லாத ஆண்டில் ஊரை விட்டு வந்தவன்தான். என் வீட்டு அடித்தளத்திலும் இப்படிப்பட்ட பாறைதான் கிடக்கிறது.’

வெட்டுண்ட குன்றுகள்

அச்சொல் எங்களைச் சுட்டது. இந்நகரின் மேற்கில் சைபர் டவர்ஸ் 1998இல் திறக்கப்பட்டது முதல் எழுந்த மாளிகைகளையும் சாலைகளையும் எண்ணுங்கள். அவற்றால் நம் பிள்ளைகள் வேலை பெற்றனர். நாமும் பயன் கொண்டோம். ஆனால் அவை நிற்கும் இடத்தில் முன்னர் நின்றவை குன்றுகள். மோரியர் தம் தேர்ச்சக்கரம் தடையின்றி உருள மலையை வெட்டி வழி செய்ததை மாமூலனார் பாடினார். ஈராயிரம் ஆண்டு கடந்தும் நாம் நினைவில் வைக்கும்படி அது அவர்க்கு வியப்பாக இருந்தது. இன்று மலை வெட்டுவது வியப்பும் அன்று, செய்தியும் அன்று.

பாறை அழகுப்பொருள் மட்டும் அன்று. ஆண்டுக்கு 80 சென்டிமீட்டர் அளவே மழை பெறும் இந்நாட்டில், மழைநீர் பாறைச் சரிவில் வழிந்து, வெடிப்புகளில் கசிந்து, அடிவாரத்து ஏரிகளில் தேங்கும். கோல்கொண்டாவுக்கு நீரளித்த துர்க்கம் செருவு இத்தகைய பாறைகளின் நடுவே பிறந்ததுதான். குன்றை நிரவி ஏரியைத் தூர்த்தால், கோடையில் குடிக்க நீரில்லை. மழைநாளில் நிற்க இடமில்லை. 2020 அக்டோபரில் தெருக்கள் ஆறுகளானதை நாம் கண்டோம்.

இதனை உணர்ந்தோர் இல்லாமல் இல்லை. 1996இல் பாறைகளைக் காக்கவென்றே ஒரு சங்கம் இந்நகரில் தோன்றியது. கலைஞரும் ஆசிரியரும் பொதுமக்களும் கூடித் திங்கள்தோறும் பாறை நடை மேற்கொண்டனர். அவர்கள் முயற்சியால் பாறை அமைப்புகள் சில நகரின் மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. கட்டடமே மரபு என்றிருந்த நாட்டில், கல்லும் மரபு என்று ஏற்கப்பட்டது பெருஞ்செயல். ஆயினும் அப்பட்டியலுக்கு அடிப்படையான விதி 2015இல் நீக்கப்பட்டது. சிரான் அரண்மனையைச் சூழ்ந்த சுமார் 390 ஏக்கர் குன்றுக்காடு, 1998இல் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் பிழைத்தது. இன்றும் அங்கே மயில் அகவுவதைக் கேட்கலாம். 2025 மார்ச்சு இறுதியில் காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் இயந்திரங்கள் இறங்கியபோது, அடுத்திருந்த பல்கலைக்கழக மாணவர் திரண்டு எதிர்த்தனர். ஏப்ரல் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் உண்மையான பாலைவனத்தின் நடுவே அமைந்தது. 1924ஆம் ஆண்டில், நகரம் சிறிதாக இருந்தபோதே, தெற்கே நின்ற வறண்ட மலையில் 13,000 ஏக்கரை அந்நகரத்தார் 17,000 டாலருக்கு மத்திய அரசிடமிருந்து வாங்கிப் பூங்காவாக்கினர். இன்று நகரம் மலையைச் சூழ்ந்துவிட்டது. மலையோ இருந்தபடியே இருக்கிறது, மக்கள் நடக்கிறார்கள். புல்லும் முளையாத மலை எதற்கு என்று அவர்கள் அன்று கேட்கவில்லை. நமக்கு வாய்த்ததோ பாலைவனமும் அன்று. சீத்தாப்பழம் பழுக்கும், மழை பெய்தால் தளிர்க்கும் குன்று.

முடிவாக

பாலை தற்காலிகமானது என்பதே நம் முன்னோர் கண்ட உண்மை. ஒரு மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும், பிரிந்தவன் திரும்புவான். ஆனால் உடைத்த பாறை திரும்புவதில்லை. பாலை இயற்கையின் செயல். பாழ் நம் செயல். பிழைக்க வந்தவர்களுக்கு இந்த நாட்டு மண்ணில் உரிமை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். உரிமையைப் பற்றி நாம் வாதிட வேண்டாம். கடனைப் பற்றிப் பேசுவோம். வேங்கடம் கடந்து வந்த நமக்கு நிழல் தந்தவை இக்குன்றுகள்.

நாங்கள் வேண்டுவது பெரிதன்று. இவ்வாண்டு வெயில் தணிந்தபின், ஒரு ஞாயிறு விடியலில், உங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அண்மையில் எஞ்சியிருக்கும் குன்று ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயர் இல்லாத பாறைக்கு அவர்களையே பெயர் இடச் சொல்லுங்கள். பெயரிட்ட பொருளை எவரும் எளிதில் இழக்க விரும்பார். செல்லும்போது நீர் மிகுதியாகக் கொண்டுசெல்லுங்கள். வழியில் உளியோசை கேட்டால், அங்கிருப்போர்க்கும் ஒரு குடம் கொடுத்து வாருங்கள். அவர்களும் நம்மைப் போல் பாலை கடந்து வந்தவர்களே.